வசந்தமலருக்கு, ஏறும் முன்

கேட்டாய், சொல்கிறேன்.
பாசலில் ஏறு. டாக்ஸி வேண்டாம்,
பதினோராம் நம்பர் டிராம் துறைக்குப் பக்கத்தில் விடும்.
இருபத்தெட்டு வருஷம் அந்த டிராமில்தான்
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போய்வந்தேன்.
அன்றைக்குப் பெட்டியோடு ஏறினேன், கறுப்புக் கண்ணாடி வேறு.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட்டில் போகாதே.
ரைனில் தண்ணீர் வற்றினால் கப்பல் நின்றுவிடும்,
பஸ்ஸில் ஏற்றி வயல்வெளி காட்டுவார்கள்.
காசு திரும்பாது. அது சின்ன எழுத்தில் இருக்கிறது.
இவர் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தார்,
பஸ்ஸுக்குள் இருந்து.

கீழ்த்தட்டு அறை மலிவு.
ஜன்னல் திறக்காது; கண்மட்டத்தில் ஆறு,
வாத்துகளுடைய கால்கள் வேலை செய்வது தெரியும்.
மேலே அவை எவ்வளவு சும்மா மிதக்கின்றன என்று
இனி நான் ஏமாற மாட்டேன்.
பின்பக்க அறை மட்டும் எடுக்காதே, எஞ்சின்.
முப்பது வருஷத்தில் இவருடைய குறட்டையை
வென்ற ஒரே சாமான் அது.

முதல் இரவு கெம்ஸில் மதகுக்குள் இறக்குவார்கள்.
தூக்கத்தில் விழித்தால்
ஜன்னல் முழுக்க ஈரச் சுவர், பாசி, ஒரு இரும்பு ஏணி.
பயப்படாதே. கத்தாதே.
நான் கத்தினேன்.

சாப்பாடு: மரக்கறி என்று சொன்னால் மீன் வரும்.
மீனும் வேண்டாம் என்றால் முட்டை வரும்.
மூன்றாம் நாள்தான் விளங்கிக்கொண்டு
கத்தரிக்காயை அப்படியே முழுசாகச் சுட்டு வைத்தார்கள்,
பாவம், குற்றம் சொல்ல மனம் வரவில்லை.
சீனிச்சம்பல் ஒரு போத்தல் கொண்டுபோ,
இறுக்கி மூடி, இரண்டு பையில் சுற்றி.

ஊருக்கு ஊர் கொடி பிடித்தவளுக்குப் பின்னால் ஓடி
நுனிப்புல் மேயாதே.
ஸ்ட்ராஸ்பூர்க்கில் நாங்கள் இறங்கி
வாய்க்கால் கரையில் ஒரு வாங்கில் இருந்து
பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.
கோயிலைப் பார்க்கவில்லையா என்று மேசையில் கேட்டார்கள்.
கோயில் எங்களைப் பார்த்தது என்றார் இவர்.
ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அறை துடைக்கிற பிள்ளைக்குக் காசைக் கையில் கொடு,
வரவேற்பில் வைத்த பெட்டியில் போடாதே.
மிஹாயெலா. துவாயில் அன்னம் மடித்து வைப்பாள்.
நானும் துவாய் மடித்துத்தான் வயிறு வளர்த்தவள்,
எப்படி என்று பார்க்க ஒரு இரவு அவிழ்த்தேன்.
திரும்ப மடிக்க வரவில்லை. மூன்று தரம்.
விடிய, கூச்சத்தோடு, நாற்சதுரமாக மடித்து வைத்தேன்.
அவள் அதைத் தொட்டுப் பார்த்து
ஓரம் நேராக இருக்கிறது என்று சைகையால் சொன்னாள்.

பால்கனிக்கு இன்னும் ஆயிரம் ஃபிராங்க். வீண்.
துறையில் கப்பலோடு கப்பலை ஒட்டிக் கட்டுகிறார்கள்,
நீ காசு கொடுத்த காட்சி
பக்கத்துக் கப்பல்காரனின் குளியலறை.
இரண்டாம் முறை எடுத்தோம், அதனால் சொல்கிறேன்.

கொலோனில் அப்படித்தான், பின்னேரம்.
எதிர் அறையில் ஒரு கிழவர், தனிக் கட்டில்,
இரண்டு கழுத்துப்பட்டியைத் தூக்கிக் காட்டினார்,
என்னிடம்தான். கைநீட்டினால் தொடுகிற தூரம்,
இடையில் இரண்டு கண்ணாடி.
நான் நீலத்தைக் காட்டினேன்.
கட்டினார். முடிச்சுச் சரியில்லை.
காற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டினேன்,
ஆஸ்பத்திரி முடிச்சு, மூட்டை கட்டுகிறது.
அவர் அதையே போட்டுக்கொண்டு போனார்.
குளியலறையிலிருந்து இவர்: யாரோடு கதைக்கிறாய்?
ஒருத்தரோடும் இல்லை.
அது பொய்யும் இல்லை.

விடிய அந்தக் கப்பல் இல்லை.
ஜன்னல் நிறைய ஆறு, பாலம், இரட்டைக் கோபுரம்.
நல்ல காட்சி. படம் எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

மாத்திரைகளைக் கைப்பையில் வை.
திரும்பி வர ரயில்.
ஏழு நாள் போன தூரத்தை ஏழு மணியில் சுருட்டிவிடும்.
ஜன்னல் பக்கத்தை இவருக்குக் கொடுத்துவிட்டு
நான் பாசல் வரை தூங்கினேன்.